கோடித் துணி வேண்டாம் என்றவளுக்கு

போன வாரம் என் தம்பி மகள் எர்ணாகுளத்திலிருந்து வந்திருந்தாள். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். வந்ததும் தோளில் கிடந்த கட்டம் போட்ட கம்பளிக் கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். சாரல் உள்ளே அடிக்கிறதே என்று அதை எடுத்து வேறு பக்கம் மாற்றிப் போடப் போனேன். கையில் எடுத்தவுடனே அந்த வாசனை வந்தது. அந்துருண்டை, ஈரக் கம்பளி, எந்த ஊர்ச் சோப்பு என்றே தெரியாத ஏதோ ஒரு மணம், அதற்கெல்லாம் அடியில் நெடுநாள் மூடிக் கிடந்த இடத்தின் காற்று. நீ ஒரு பழந்துணிப் பேலின் கட்டை அறுக்கும்போது எழும்பி வருமே, அதே வாசனை. கோட்டை முகத்தோடு வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

குளித்துவிட்டு வந்தவள் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன அத்தே, மோந்து பாக்குறீக? அது பழசு. ஃபோன்ல ஒரு கடை இருக்கு, அதுல வாங்குனேன். புதுசை விட விலை ஜாஸ்தி."

"பழசுன்னு சொல்லியா விக்கிறாக?"

"அதச் சொல்லித்தான் விக்கிறாக. பழசு போடுறதுதான் இப்பப் பெருமை."

பெருமையாம். இதே வண்டிப்பெரியாறு கடைவீதியில் உன்னைப் 'பொணத்துணிக்காரி' என்று கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே கூப்பிட்டவர்களும் உண்டு. அந்தப் பிள்ளையிடம் உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவளுக்கு ஃபோன் வந்துவிட்டது. மீதியை உன்னிடமே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. அதே எஸ்டேட்டில் அடுத்த லயத்து வீட்டில் இருப்பவளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் கிறிஸ்துமஸ்தான். நமக்குப் பத்து வயது இருக்கும். உன் அப்பா பட்டாளத்துக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு தேயிலைச் செடி கவாத்து வெட்டப் போவார். யாரோ ஒரு சிப்பாய்க்குத் தைத்தது. யுத்தம் முடிந்த பிறகு மூட்டை மூட்டையாக ஏலத்தில் போய், கம்பம் சந்தை வழியாக மலையேறி வந்தது என்று பெருமையாகச் சொல்வார். நம் எஸ்டேட்டில் புதுத்துணி என்று ஒன்று வருவதற்கு முன்னாலேயே பழந்துணி வந்துவிட்டது. அதற்கப்புறம் வந்தது கோயில் துணி. வெளிநாட்டில் யார் யாரோ உடுத்திக் கழித்ததைக் கப்பலில் ஏற்றிக் கொச்சிக்கு அனுப்ப, அங்கிருந்து பிஷப் ஹவுஸ் ஜீப்பில் நம் கோயிலுக்கு வரும். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்ததும் மூட்டையை அவிழ்ப்பார்கள்.

முதலில் பாக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர் வீட்டார், ஆபீஸ் கிளார்க் வீட்டார், கங்காணி வீட்டார். அவர்கள் எடுத்தது போகத்தான் லயத்துப் பிள்ளைகள். அதில் எடுப்பது கிடையாது, கொடுத்ததை வாங்க வேண்டும். அந்த வருஷம் எனக்கு ஒரு பையனின் கால்சட்டை கிடைத்தது. உனக்குக் கிடைத்தது ஒரு கையுறை. ஒற்றைக் கையுறை. வெள்ளை நிறத்தில், மணிக்கட்டில் சின்னதாக முத்து வைத்துத் தைத்தது.

எல்லாரும் வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். நீ நகரவில்லை.

"இன்னொண்ணு எங்க ஃபாதர்?" என்று கேட்டாய்.

ஃபாதர் மூட்டையைக் கிளறிப் பார்த்தார். இல்லை.

"இல்ல பிள்ளே. கிடைச்சதுக்கு நன்றி சொல்லு."

"ரெண்டு கை இருக்கிறவுகதான போட்டிருப்பாக. ஒண்ண மட்டும் அனுப்பினா, அந்த இன்னொண்ண அவுக என்ன செய்வாக?"

உன் அம்மா வந்து உன் காதைத் திருகி இழுத்துக்கொண்டு போனார். நீ அழவில்லை. கிறிஸ்துமஸ் பூசைக்கு அந்த ஒற்றைக் கையுறையைப் போட்டுக்கொண்டு முன் வரிசையில் வந்து நின்றாய். எழுந்து நிற்கும்போது, முழங்காலிடும்போது, சிலுவை போடும்போது எல்லாம் அந்தக் கையை மட்டும் எல்லாருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டாய். டீ மேக்கர் மகள் சிரித்தாள். நீ அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு எனக்கு உன்மேல் பயமாக இருந்தது. அதற்கப்புறம் உன்னை விட்டு நான் விலகியதே இல்லை.

பெரியவளாகி நீ கம்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனதும், சில வருஷத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு தனியாகத் திரும்பி வந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஏன் வந்தாய் என்று ஊரே கேட்டது. "அங்கன இருக்கப் பிடிக்கல" என்பதற்கு மேல் ஒரு சொல் யாரும் உன்னிடமிருந்து வாங்க முடியவில்லை. கொழுந்து எடுக்க உன் பேரைத் திரும்பப் பதியமாட்டோம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். நீ ஒருநாள் குமுளி இறக்கத்தில் பஸ் பிடித்துக் கம்பத்துக்கு இறங்கினாய். புருஷன் வீட்டுக்குத்தான் சமாதானம் பேசப் போகிறாய் என்று உன் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார். சாயங்காலம் நீ பஸ் கூரையில் ஒரு பேலோடு வந்து இறங்கினாய்.

பாலத்துக்கு இந்தப் பக்கம், பஸ் நிற்கும் இடத்தை ஒட்டி ஒரு நீலத் தார்ப்பாய். அதுதான் உன் கடை. ஸ்வெட்டர், முழுக்கை சட்டை, கம்பளிக் கோட்டு, குழந்தைத் தொப்பி. அந்த ஸ்வெட்டர்களில் பாதி முதுகில் ஒரு வெட்டோடுதான் வரும். வடக்கே நூல் மில்லுக்குக் கந்தலாகப் போக வேண்டிய சரக்கு, உடுத்த விற்கக் கூடாது என்று துறைமுகத்திலேயே கத்தி போட்டு விடுவார்கள் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அந்த வெட்டை அதே நிற நூல் தேடி, பின்னலோடு பின்னலாக இழுத்து மூடிவிடுவாய். ஆற்றுப் பாறையில் அலசிக் காயப் போட்டு, கரி இஸ்திரி போட்டு மடித்துத்தான் தார்ப்பாயில் வைப்பாய். குவித்துப் போட்டு விற்பது உனக்குப் பிடிக்காது.

நம் பெண்களுக்குப் புடவைக்கு மேலே ஒரு முழுக்கை ஆண் சட்டை இல்லாமல் கொழுந்துக்குப் போக முடியாது. கிளை கையைக் கீறிவிடும். புதுச் சட்டை வாங்கி அதைத் தேயிலைக் கறையில் நாசமாக்க யாருக்கு வசதி? எந்த நாட்டிலோ ஆபீசுக்குப் போட்டுப் போன சட்டைகளை நீ நம் மலைக்கு ஏற்றினாய். ஒரு காலத்தில் மேலே ரோட்டில் நின்று பார்த்தால் பச்சைச் செடிகளுக்கு நடுவே அசைகிற சட்டை அத்தனையும் உன் கடைச் சட்டையாகத்தான் இருக்கும்.

ஆனாலும் வாங்குகிறவர்கள் ஒளித்துத்தான் கொண்டு போவார்கள். பழசு என்று சொல்லாமல் கூவு, வியாபாரம் நடக்கும் என்று பக்கத்துப் பழக்கடைக்காரர் உனக்கு யோசனை சொன்னார். நீ மறுநாளிலிருந்து இப்படிக் கூவினாய்: "ஒருத்தர் உடுத்துனது, ரெண்டு தடவை துவைச்சது. வாங்க, வாங்க." பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

புதுத்துணிக் கடைக்காரர் ஒருவர்தான் அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டார். வெளிநாட்டில் செத்துப் போனவர்களின் உடம்பிலிருந்து உருவிய துணி, அதை உடுத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று. ஒரு வாரம் தார்ப்பாய்ப் பக்கம் ஆளே வரவில்லை. அப்புறம் ஒரு கோட்டுப் பைக்குள்ளிருந்து கசங்கிய பஸ் டிக்கெட் ஒன்று உனக்குக் கிடைத்தது. அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைவீதி நடுவில் நின்றாய்.

"பாருங்க, இந்தக் கோட்டுக்காரன் பஸ்ல போயிருக்கான். செத்தவன் டிக்கெட் எடுத்து பஸ்ல போவானா?"

சிரிப்பில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். அன்று கடை கட்டும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாய்: "செத்தவுக துணியாவே இருக்கட்டுமேடி. செத்தவுக நமக்கு என்ன கெடுதல் பண்ணாக? பண்ணதெல்லாம் உசுரோட இருக்கிறவுகதான."

பிறகு எஸ்டேட்டை மூடினார்கள். ஒரு காலையில் சங்கு ஊதவில்லை. மேனேஜர் பங்களாவில் ஆள் இல்லை. பாக்டரிக் கதவில் பூட்டு. சம்பளம் இல்லை, பிராவிடண்ட் பணம் இல்லை, ஆசுபத்திரியில் மருந்து இல்லை. செடிகள் மரமாக வளரத் தொடங்கின. ஆண்கள் கம்பம், தேனி என்று தோட்ட வேலைக்கு இறங்கினார்கள். என் வீட்டுக்காரர் கட்டட வேலைக்குக் கோட்டயம் போனார். லயத்தில் மிஞ்சியது பெண்களும் கிழங்களும் பிள்ளைகளும். மழை ஆரம்பித்தது. ஓட்டைத் தகரத்துக்குக் கீழே பிள்ளைகள் இரவெல்லாம் இருமிக் கொண்டிருந்தன.

அப்போதுதான் லாரி வந்தது. நகரத்திலிருந்து ஒரு சங்கத்தார். பத்திரிகையில் நம்மைப் பற்றிப் படித்துவிட்டு வந்தார்களாம். முன்னால் பேனர், பின்னால் சாக்கு மூட்டைகள். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டுக் களத்தில் நம்மையெல்லாம் வரிசையாக நிறுத்தினார்கள். கேமரா வைத்திருந்த பையன் குழந்தை இடுப்பில் இருக்கிறவர்களை முன்னால் வரச் சொன்னான். நானும் வரிசையில் இருந்தேன். நீ பஜாரிலிருந்து மேலேறி வந்து கொண்டிருந்தாய். வந்தவள் வரிசையில் நிற்காமல் நேரே லாரிக்குப் போனாய்.

"மூட்டைய முதல்ல அவுத்துப் பாத்துரலாம் சார். பிரிச்சு வச்சா கொடுக்க லேசா இருக்கும்," என்றாய்.

கண்ணாடி போட்ட பெரியவர், அவர்தான் சங்கத் தலைவர், நல்ல யோசனை என்று சந்தோஷமாகத் தலையாட்டினார். நீ அவிழ்த்தாய். ஒவ்வொன்றாக உதறிப் பார்த்து இரண்டு குவியலாகப் போட்டாய். ஒரு பக்கம் போர்வை சில, ஸ்வெட்டர், நல்ல சட்டைகள். அந்தக் குவியல் உன் முழங்கால் அளவுகூட வரவில்லை. இன்னொரு பக்கம் வளர்ந்து கொண்டே போனது. ஜிப் அறுந்த கால்சட்டை. எலாஸ்டிக் போன உள்பாவாடை. கறை போகாத குழந்தைத் துணி. அக்குள் கிழிந்த ரவிக்கை. யாரோ பெயிண்ட் அடிக்கும்போது போட்டிருந்த பனியன். நாங்கள் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றோம்.

கடைசி சாக்கையும் உதறிவிட்டு நீ அந்தப் பெரியவரைக் கூப்பிட்டாய்.

"சார், இந்தப் பக்கம் இருக்கிறத வாங்கிக்கிறோம். நல்ல துணி. கொடுத்தவுகளுக்கு எங்க நன்றியச் சொல்லுங்க. இந்தப் பெரிய குவியல நீங்க திரும்ப எடுத்துட்டுப் போங்க."

அவருக்குப் புரியவில்லை. "இல்ல சேச்சி, ஒண்ணும் இல்லாதவங்களுக்கு இதாவது ஆகுமேன்னுதான்..."

நீ ஒரு ரவிக்கையை எடுத்து அவர் முன்னால் விரித்துப் பிடித்தாய்.

"உங்க வீட்டுல இத யாரு உடுத்துவாக?"

அவர் அந்தக் குவியலைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் பழந்துணி விக்கிறவ சார். பழசுல எனக்கு ஒரு கூச்சமும் இல்ல. ஆனா இது பழசு இல்ல, குப்பை. குப்பைய எங்க போடுறதுன்னு தெரியாம எங்க மேல போடுறீக. எங்களுக்கு வேலைதான் போச்சு. உடம்பு போகல."

கேமராப் பையன் நல்ல குவியல் பக்கம் நம்மை நின்று சிரிக்கச் சொன்னான். "படம் எடுக்கணும்னா இந்தப் பெரிய குவியல எடு தம்பி" என்றாய். அவன் கேமராவை இறக்கிக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டான்.

அப்புறம் நீயே அள்ளிச் சாக்கில் திணிக்க ஆரம்பித்தாய். நான் வரிசையை விட்டு வந்து சாக்கின் வாயைப் பிடித்தேன். பிறகு ஒருத்தி வந்தாள், பிறகு இன்னொருத்தி. நாமே கட்டி நாமே லாரியில் ஏற்றினோம். லாரி திரும்பி இறக்கத்தில் போகும்வரை நீ களத்தில் நின்றாய்.

ஊர் உன்னைத் தூக்கிக் கொண்டாடவில்லை. அன்றைக்கே யூனியன்காரர் வந்து கத்தினார். "இனி எவன் வருவான் இந்த மலைக்கு? அரிசி தர்றேன்னு சொன்னவுகளும் இனி வரமாட்டாக. உன் ஒருத்தி திமிருக்கு இத்தன குடும்பம் பட்டினி கிடக்கணுமா?" என் மாமியார் அதற்கும் மேலே போனார். "மானம் குளிருக்குப் போத்திக்க ஆகுமா?" என்று உன் முகத்துக்கு நேரே கேட்டார். சொன்னது போலவே அரிசி லாரி வரவில்லை. துணி கொண்டு வந்த சங்கத்தார் சொல்லி நின்றதா, இல்லை வராமலேதான் போயிருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் கிழங்கை வேகவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள், உன்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அது உனக்கு வலித்தது. என்னிடம் கூடச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் ஒரு ஜீப் பெரட்டுக் களத்துக்கு வந்தது. உன் கடை மொத்தமும் அதில் இருந்தது. தார்ப்பாயை விரித்து, மடித்து மடித்து அடுக்கினாய். பெண்கள் ஒவ்வொருவராக லயத்து வாசலில் வந்து நின்று பார்த்தார்கள்.

"சும்மா தரமாட்டேன்," என்று உரக்கச் சொன்னாய். "காசும் வேணாம். ஒண்ணு கொண்டு வாங்க, ஒண்ணு எடுங்க. கொண்டு வர்றது துவைச்சிருக்கணும். கிழிசல் இருந்தாத் தச்சிருக்கணும். பொத்தான் இருக்கணும்."

"எங்கிட்ட உடுத்தியிருக்கிறது ஒண்ணுதான் இருக்கு," என்றாள் மேல் லயத்துக்காரி ஒருத்தி.

"அப்ப இங்கன வந்து உக்காரு. ஊசி இருக்கு, நூல் இருக்கு. ரெண்டு ஸ்வெட்டரத் தச்சுக் கொடு, ஒண்ண எடுத்துட்டுப் போ."

அவள் வந்து உட்கார்ந்தாள். அப்படித்தான் தொடங்கியது. பிள்ளைக்குச் சிறிதாகிப் போன சட்டையைக் கொண்டு வந்து பெரிய சட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். கட்டாமல் பெட்டியில் கிடந்த புடவை கம்பளிக் கோட்டாக மாறி வீட்டுக்குப் போனது. ஒவ்வொரு சனிக்கிழமையும் களம் நிறைந்தது. பேர் கூப்பிட ஆள் இல்லாத அந்தக் களத்தில் நம் பெண்கள் ஊசியோடு வட்டமாக உட்கார்ந்து, மூடிப் போட்டுவிட்டுப் போன கம்பெனிக்காரனை வாய் நிறையத் திட்டிக்கொண்டே தைத்தார்கள். பக்கத்து எஸ்டேட்டிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். அங்கே தைக்க உட்கார்ந்த கூட்டம்தான் பிறகு ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தது, கலெக்டர் வந்து இலவச அரிசிக்கு வழி செய்யும்வரை. யூனியன்காரர் அன்றைக்கு முன் வரிசையில் வந்து உட்கார்ந்து கொண்டார். நீ நகர்ந்து அவருக்கு இடம் விட்டாய்.

ஒரு சனிக்கிழமை அப்போது இருந்த டீ மேக்கர் வீட்டம்மா வந்தார். அவர்களுக்கும் சம்பளம் நின்றுபோய்விட்டது அல்லவா. ஒரு பட்டுப்புடவையைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைத் தாண்டி நேராக உன்னிடம் வந்து, "பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் வேணும்" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நல்ல ஸ்வெட்டர் இருக்குக்கா. வரிசையில வாங்க," என்றாய்.

அவர் முகம் சிவந்துவிட்டது. திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் நின்றார். பிறகு போய் வரிசையின் கடைசியில் நின்றார். அவர் முறை வந்தபோது நீ அந்தப் பட்டுப்புடவையைத் திருப்பிக் கொடுத்தாய். "இது உங்க மகளுக்கு இருக்கட்டும். அடுத்த வாரம் ஒரு பழைய சட்டை கொண்டு வாங்க, போதும்." இருக்கிறதிலேயே கனமான ஸ்வெட்டரை எடுத்து நீயே மடித்துக் கொடுத்தாய். அவர் போன பிறகு என் பக்கம் திரும்பினாய். "வரிசைன்னா எல்லாருக்கும்தான வரிசை?" என்றாய்.

சில வருஷம் கழித்து வேறு கம்பெனி வந்து எஸ்டேட்டைத் திறந்தது. உன் சரக்கு முழுக்க மலையிலேயே கரைந்து போயிருந்தது. மறுபடியும் குமுளி இறக்கத்தில் பஸ், மறுபடியும் கம்பத்திலிருந்து ஒரு பேல், மறுபடியும் பாலத்துப் பக்கம் நீலத் தார்ப்பாய். நடைபாதையை மறிக்கிறது என்று எத்தனை தடவை எழுப்பி விட்டார்கள். எழுப்பிவிட்ட இடத்துக்கு எதிர்ப் பக்கம் போய் விரித்தாய்.

பேல் தூசி உன் நெஞ்சில் இறங்கியது என்று ஆசுபத்திரியில் சொன்னார்கள். கடையை விடு என்றார்கள். நீ மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு பேலை அறுத்தாய். அந்த நாட்களில்தான் கீழ் லயத்து அண்ணாச்சி ஒருவர் இறந்து போனார். நாம் இருவரும் போயிருந்தோம். வந்தவர்களெல்லாம் முறைப்படி கோடி கொண்டு வந்து போட்டார்கள். புது வேட்டி, புதுத் துண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக, முகம் மட்டும் தெரியும்படி. உயிரோடு இருந்தபோது அந்த மனுஷன் முழங்காலில் ஒட்டுப் போட்ட கால்சட்டையோடுதான் கடைசிவரை வேலைக்குப் போனார். அத்தனையையும் சேர்த்தே குழியில் இறக்கினார்கள். குடைக்குக் கீழே திரும்பி வரும்போது உனக்கு மூச்சு வாங்கியது. நின்று நின்று பேசினாய்.

"எனக்கு இப்படிப் பண்ண விட்டுராத."

"அச்சானியமாப் பேசாத."

"நான் சொல்றதக் கேளு. என் மேல புதுசு போட்டு மண்ணுக்குள்ள தள்ளாதீக. வாழ்நாள் பூராவும் ஒரு துணி வீணாப் போகக் கூடாதுன்னு கிடந்தவ நான். நான் உடுத்துனதோட என்னை வைங்க. மத்தத யாராச்சும் உடுத்தட்டும்."

அடுத்த மழைக்காலம் முடியுமுன்னே நீ போய்விட்டாய்.

கோயில் கொள்ளாத கூட்டம். நீ முதுகில் வெட்டு மூடிக் கொடுத்த ஸ்வெட்டர்களில் எத்தனை அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்தன தெரியுமா? பெண்கள் எல்லாரும் கோடி கொண்டு வந்தார்கள். வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? அது அவர்கள் அழுகை. பச்சை, நீலம், அரக்கு, வாடாமல்லி என்று புடவைகள் உன் மேல் ஏறிக்கொண்டே போயின. உன் தம்பி கம்பத்திலிருந்து வந்து எல்லாவற்றுக்கும் மேலே சரிகை போட்டது ஒன்றைப் போட்டான். ஜெபம் முடிந்து பெட்டி மூடப் போகிற நேரத்தில் நான் முன்னால் வந்து மேலே இருந்த புடவையை மடித்து எடுத்தேன்.

"என்ன பண்றீக?" என்று என் கையைப் பிடித்தான்.

"உங்க அக்கா சொன்னதப் பண்றேன்."

"பொணத்து மேல கிடந்தத எடுக்குறீக. ஊரு காறித் துப்பும். எங்க குடும்பத்துக்கு ஒரு மரியாதை இல்லையா?"

"உங்க அக்கா எங்கிட்ட சொன்ன பேச்சு ஒண்ணு இருக்கு. நீங்க இங்கன இருந்திருந்தா அதக் கேட்டிருப்பீக."

கூட்டம் முணுமுணுத்தது. சின்ன ஃபாதர், புதிதாக வந்தவர், என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். "அவங்க நிஜமா அப்படிச் சொன்னாங்களாம்மா?" என்று கேட்டார். சொன்னாள் என்றேன். அவர் உன் தம்பியின் தோளைத் தொட்டுக் கொஞ்சம் பின்னால் அழைத்துக்கொண்டு போனார். நான் ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பெஞ்சில் அடுக்கினேன். கடைசியில் நீ மட்டும் இருந்தாய். உன் ஊதாப் புடவையும், அதற்கு மேல் கழுத்தில் நூல் பிரிந்த உன் சாம்பல் ஸ்வெட்டரும். அப்படியேதான் உன்னை இறக்கினோம். உன் தம்பி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும்.

புடவைகளை வீட்டுக்குக் கொண்டு வந்து ஆற்றில் அலசிக் காயப்போட்டேன். யாருக்கு வேண்டும் என்று லயத்தில் கேட்டேன். ஒருவரும் வாசலைத் தாண்டி வரவில்லை. உன் கடையில் வாங்கி உடுத்தியே வளர்ந்தவர்கள்கூட, "வேணாங்க்கா, பயமா இருக்கு" என்றார்கள். என் மகள் ஃபோனில் அழுதாள், எல்லாவற்றையும் எரித்துவிடச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு அந்த வாடாமல்லிப் புடவையைக் கட்டிக்கொண்டு பூசைக்குப் போனேன். கோயிலுக்குள் நுழைந்ததும் தலைகள் திரும்பின. நான் உட்கார்ந்த பெஞ்சில் இருந்த இருவர் எழுந்து பின்னால் போனார்கள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது. முதுகை நேராக வைத்துக்கொண்டு பூசை முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது மேல் லயத்துக்காரி, அன்றைக்குக் களத்தில் முதலில் வந்து ஊசி பிடித்தவள், என் வழியை மறித்தாள்.

"இது நான் போட்டது."

"ஆமா."

முந்தானையை விரலால் தொட்டுப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு. அந்தப் பச்சை இன்னும் இருக்கா?"

இருந்தது. சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போனாள். ஒன்று கொண்டு வந்துதான் எடுத்தாள். அதற்கடுத்த வாரம் இருவர் வந்தார்கள். சரிகைப் புடவையை டீ மேக்கர் மருமகள் தன் தங்கை நிச்சயத்துக்குக் கட்டினாள். எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களிடம் உன் பேரைச் சொல்லியே கட்டினாள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டன. அந்த வாடாமல்லி மட்டும் என்னிடம் இருக்கிறது. துவைத்துத் துவைத்து வெளுத்துவிட்டது, நல்ல இளக்கமாக.

எனக்கும் வயதாகிவிட்டது. முழங்கால் வலி, சர்க்கரை, எல்லாம் இருக்கிறது. என் மகளிடமும் மருமகனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்க மாட்டார்களோ என்று சந்தேகம். அதனால் போன மாதம் கோயிலின் அன்பிய ஜெபக் கூட்டத்தில், லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் இருக்கும்போது, எழுந்து நின்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்.

"எனக்குக் கோடி போட வர்றவுக புதுசு வாங்காதீக. நீங்க உடுத்துனதுல நல்லதா ஒண்ணு துவைச்சுக் கொண்டு வாங்க. என் மேல போட்டு, அழ வேண்டியத அழுதுக்கங்க. போகும்போது பக்கத்துல நிக்கிறவ போட்டத எடுத்து உடுத்திட்டுப் போங்க."